தலையில் இல்லாத பூவின் வாசம்

சென்னையில் ஒரு கூட்டத்தில் நகைச்சுவையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேசிய நேரம் முழுவதும் சபை மிகவும் கண்ணியமாக நடந்துகொண்டது, ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும் சால்வைக்குப் பதிலாக ஒரு கூப்பன் கொடுத்தார்கள். பெரிய வணிக வளாகம் ஒன்றில் இருக்கும் சென்ட் கடையில் மட்டும் செல்லும் கூப்பன். என் பேச்சைக் கேட்ட பிறகு அவர்களுக்கு ஏன் நறுமணம் நினைவுக்கு வந்தது என்று நான் ஆராயப் போகவில்லை.

இங்கே என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொற்றுக் காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் போனதற்கு எல்லாரும் சந்தோஷப்பட்டதில் மோப்பம் போனதை யாரும் கவனிக்கவில்லை. எங்கள் நாமக்கல் பக்கத்தில் இதனால் லாபமும் உண்டு. பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டி, காற்று கோழிப்பண்ணைகள் பக்கமிருந்து திரும்பும்போது எல்லாக் கைக்குட்டைகளும் எல்லா மூக்குகளுக்கும் போகும். நான் மட்டும் ஞானம் பெற்றவனைப் போல நேராக உட்கார்ந்திருப்பேன்.

அப்படிப்பட்டவன் சென்ட் கடைக்குள் நுழைந்தேன். குளிர்ந்த, வெளிச்சமான கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகள். விற்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். யாருக்கு என்று கேட்டாள். மனைவிக்கு என்றேன்.

"மேடமோட பெர்சனாலிட்டி எப்படி சார்?"

பெண் பார்க்கப் போனபோது என் மனைவியின் படிப்பு, நிறம், நட்சத்திரம், சமையல் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இதை யாரும் கேட்கவில்லை. கல்யாணமான பிறகு கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எழுத்தாளனுக்கு அழகல்ல. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்து, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதிகம் பேச மாட்டாள். விடிவதற்கு முன்பே எழுந்து ஈரத்தில் நடப்பவள். சிரிப்பு வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், ஏதோ சிரிப்பு அவளுடைய சொந்த விஷயம் என்பதைப் போல. யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். கிட்டே போய் நின்றால் வெயில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும்.

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. மேல் தட்டிலிருந்து இளம்பச்சைக் குப்பி ஒன்றை எடுத்தாள்.

"அப்ப கிரீன் ஃப்ளோரல்தான் சார். பூவோட வாசம் மட்டும் இருக்காது. காம்பு, இலை, தண்டை ஒடிச்சா வர்ற பச்சை வாசம், அதுவும் சேர்ந்து வரும். எல்லாருக்கும் செட் ஆகாது. அமைதியா இருக்கறவங்களுக்குத்தான்."

ஒரு காகிதத் துண்டில் அடித்து என் மூக்கருகே நீட்டினாள். எனக்குக் காகிதம் தெரிந்தது. ஆழ்ந்து இழுத்து, கண்களைப் பாதி மூடி, தலையை மெதுவாக ஆட்டினேன். கச்சேரிகளில் பழகிய ஆட்டம்தான்.

நாமக்கல் வந்து சேர்ந்ததும் என் மனைவி பெட்டியைப் பிரித்தாள். அவள் கணக்கு ஆசிரியை. எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவள். மணிக்கட்டில் ஒரு முறை அடித்து முகர்ந்தாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை முகர்ந்தாள். கடையில் நான் என்ன சொல்லி வாங்கினேன் என்று கேட்டாள். சொன்னேன். அதிகம் பேச மாட்டாள் என்ற இடத்திலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, நீங்க சொன்ன பொம்பளை நானில்லீங்க. அது உங்கக்கா. இந்த வாசமும் எனக்கில்லை. முந்தி அவங்க தோட்டத்துல நுழைஞ்சா அடிக்குமே, அந்த வாசம்."

கோபமில்லை. விடைத்தாளில் எங்கே தவறு என்று காட்டுகிற குரல்தான். குப்பியை மறுபடி பெட்டிக்குள் வைத்து மூடி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். எனக்குப் புடவை போதும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அக்கா இருப்பது எருமப்பட்டிப் பக்கம். வீட்டை ஒட்டிக் குண்டுமல்லித் தோட்டம். விடியும் முன்னால் அவளும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிப்பார்கள். அந்த நேரத்தில் ரோட்டிலிருந்து பார்த்தால் ஆட்கள் தெரிய மாட்டார்கள். இடுப்புயரத்தில் சின்ன வெளிச்சங்கள் மட்டும் குனிந்து, நகர்ந்து, நின்று, மறுபடி நகரும். வானத்தில் வேலை முடிந்த நட்சத்திரங்கள் இங்கே வந்து கூலிக்குப் பறிப்பதாக ஒரு முறை எழுதினேன். அச்சில் வந்ததை அக்காவிடம் காட்டினேன். நட்சத்திரத்துக்குக் கூலி ஆர் குடுக்கறது என்று கேட்டாள்.

பூ முழுவதும் முதல் பஸ்ஸில் நாமக்கல் போய்விடும். ஒரு சரம்கூட அவள் தலைக்கு வராது. மாமா இறந்ததிலிருந்து அப்படித்தான். எங்கள் பக்கத்தில் புருஷன் போன பெண் பூ வைப்பதில்லை. யாரும் தடுப்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. எல்லாருக்கும் தெரிந்த சட்டத்தை யார் எழுதி வைப்பார்கள்? நாளெல்லாம் பூவுக்குள் நிற்கிறாள், ஊருக்கெல்லாம் பூ அனுப்புகிறாள், கொண்டைக்கு மட்டும் விடுமுறை.

மாமா இருந்த காலத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு பாத்தி மரிக்கொழுந்து இருந்தது. விலைக்கு ஆகாத சமாச்சாரம். அவளுக்கு மல்லிகையை விட அதுதான் பிடிக்கும் என்பதற்காகவே அவர் வைத்தது. சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட்டு வரும்போது ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வருவார். அவர் போன பிறகு அந்தப் பாத்திக்கு யாரும் தண்ணீர் திருப்பவில்லை. அப்புறம் அந்த இடத்திலும் மல்லிகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா சாக்கை விரித்து பஸ் போன பிறகு பறித்த மீதிப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்தாள். என் மருமகளும் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். அக்காவுக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் வேலை. அவளுக்கு நாமகிரிப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகியிருந்தது. அடுத்த வாரம் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் பூ வைத்துவிட்டால் பெண் அவர்களுடையவள் என்று கணக்கு.

வீட்டுக்குள் அதைப் பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு என்றால் மகள் பேசினாள், அம்மா பூவை அளைந்தாள். பூ வைக்கும்போது அம்மா தன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்கிறாள் மகள். சமையலறையில் நிற்கிறேன், அங்கிருந்தே தெரியும் என்கிறாள் அம்மா. அப்படியானால் எனக்குப் பூவே வேண்டாம் என்கிறாள் மகள். தாய்மாமன் என்ற முறையில் நடுவில் புகுந்து ஒரு சிறிய சொற்பொழிவு செய்தேன். உலகம் எவ்வளவு மாறிவிட்டது, பிற தேசங்களில் எப்படி, நம் பழைய நூல்களிலேயே எப்படி என்றெல்லாம். முடித்தபோது அக்கா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நிக்கோணும்னு எனக்கு ஆசையில்லாமலா இருக்குது சாமி," என்றாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "ஒரே புள்ள. ஆனா வாரவங்க மொகம் சுளிச்சுட்டா, அது எம்மேல இல்ல, இவ மேலதான் போயி உழுகும்."

பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தேன்.

அவள் முதலில் அதைக் கொசு மருந்து என்றுதான் நினைத்தாள். மருமகள்தான் மூடியைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் ஒரு முறை அடித்தாள். அக்கா கையை முகத்துக்குக் கொண்டுபோனாள். போன கை திரும்பவில்லை. நான் மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்துப் பார்த்து, அது காலியாகத்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டேன். வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் ஒரு அணில் போய்விட்டு வந்தது. எனக்கு எதுவும் வீசவில்லை. ஆனால் அந்த அறையில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்ததைப் போல இருந்தது. அவருக்கு இடம் விட வேண்டும் என்று தோன்றி, கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தேன்.

"மரிக்கொழுந்து," என்றாள் அக்கா, கையை எடுக்காமலே.

அப்புறம் எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கெதுக்கு சாமி இதெல்லாம், புள்ளைக்கு ஆகட்டும் என்றாள். ஆனால் குப்பியை மகளிடம் கொடுக்கவில்லை. சமையலறை அலமாரியில், மஞ்சள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். நானும் மருமகளும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் மும்முரமானோம்.

பூ வைக்கிற நாளன்று மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்தார்கள். தட்டுகள் இறங்கின: பழம், புடவை, சர்க்கரை, பெரிய கூடை நிறையக் குண்டுமல்லிச் சரம். நாமக்கல் பூக்கடையில் காலையில் வாங்கியதாம். நாமக்கல் கடைக்குக் காலையில் பூ எங்கிருந்து போனது என்று யோசித்தால், அது முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய், நூலில் கோத்துக்கொண்டு, வேனில் வீடு திரும்பியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அக்கா சமையலறை வாசலில் காபித் தட்டுடன் நின்றபடி கூடையை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பெற்றவளுக்குத் தன் பிள்ளைகளைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பூ வைக்க முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அத்தை. உயரமான, கனத்த குரல் உள்ள பெண்மணி. அந்த வேனை ஓட்டியது வேறொருவர் என்றாலும் அதை நடத்தி வந்தது அவர்தான் என்பது பார்த்ததும் விளங்கியது. மருமகளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் பக்கத்தில் இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அப்புறம் சமையலறை வாசலைப் பார்த்தாள். அக்கா தலையைச் சற்றே ஆட்டினாள், வேண்டாம் என்று.

அத்தை சரத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். மூக்கு ஒரு முறை விரிந்தது.

"ஆருங்க மரிக்கொழுந்து வச்சிருக்கறது?"

சரத்தைப் பிடித்தபடியே சுற்றிலும் பார்த்தார்.

"நாமக்கல் பூக்கடை பூரா அலைஞ்சும் ஒரு கொத்துக் கிடைக்கலீங்க. மல்லியோட வச்சுக் கட்டோணும்னு எனக்கு அத்தனை ஆசை. இங்க ஆரோ வச்சிருக்கறீங்க. ஒரு கொழுந்து குடுங்க, புள்ளைக்கு வைக்கலாம்."

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். வைத்தவளுக்குத் தெரியாதா, வைத்தது எது என்று? இருந்தாலும் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் அடுத்தவர் கொண்டையைப் பார்த்தார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் மஞ்சள் டப்பா நினைவுக்கு வந்தது. மூக்கு இல்லாதவனுக்குச் செய்தி எப்போதும் கடைசியாகத்தான் வரும்.

அத்தை தேடத் தொடங்கினார். வரிசையாக நின்ற பெண்களின் பின்னால் போய் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். செக்போஸ்டில் லாரிகளைச் சுற்றி வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார்களே, அந்த நிதானம். அடிபட்ட லாரிகளுக்குச் சேதம் மதிப்பிடுவது என் பிழைப்பு. இன்சூரன்ஸ் சர்வேயர் என்பார்கள். மோதுவதற்கு முன்னால் ஒரு நொடி எப்படி இருந்திருக்கும் என்று நான் எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அத்தை ஒவ்வொரு தலையையும் தாண்டி, வாசத்தின் பின்னாலேயே நடந்து, சமையலறை வாசலுக்கு வந்து, அக்காவின் முன்னால் நின்றார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

வெறும் கொண்டை. ஒரு இதழ்கூட இல்லை.

"உங்ககிட்டத்தானுங்க அடிக்குது," என்றார்.

"ஆமாங்க."

"தலையில ஒண்ணுங் காணமுங்களே."

"தலையில வைக்கலீங்க," என்றாள் அக்கா. அவள் குரல் சின்னதாக இருந்தது, ஆனால் ஆடவில்லை. காபித் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

அறை முழுவதும் யோசித்தது. என் தொழிலில் இதற்குப் பழக்கமுண்டு. பாலிசியில் தீ இருக்கும், வெள்ளம் இருக்கும், கலவரம் இருக்கும். ஒரு நாள் மாடு முட்டி லாரி கவிழ்ந்துவிடும், எல்லாரும் தாளைப் புரட்டுவார்கள். தலையில் பூ வைக்கக் கூடாது. வைக்கவில்லை. பார்த்தாயிற்று, பரிசோதித்தாயிற்று. பூ இல்லாமல் பூவாக இருப்பதைப் பற்றி அந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. முகம் சுளிக்கத் தயாராக இருந்த ஒன்றிரண்டு பேருக்கும் எதைப் பார்த்துச் சுளிப்பது என்று தெரியவில்லை.

அத்தை மட்டும் அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மறுபடி ஒரு முறை, இந்தத் தடவை மெதுவாக, மூச்சை இழுத்தார். அவர் முகத்தில் இருந்த வேன், தட்டு, கூட்டம் எல்லாம் ஒரு கணம் இறங்கிப் போயின.

"இத்தனை வாசம் சமையக்கட்டுல நின்னா ஆருக்கு ஆகும்?" என்றார். "அந்தத் தட்டை வைங்க. புள்ளைகிட்ட வந்து நில்லுங்க சம்பந்தி."

அக்கா நகரவில்லை. என் மனைவி போய் அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். கை காலியான பிறகு அவளுக்கு அங்கே நிற்கக் காரணம் எதுவும் இல்லாமல் போயிற்று. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அம்மாவின் புடவை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பஸ்ஸில் பிடித்துக்கொள்வதைப் போல.

அத்தை சரத்தைப் பின்னலில் சுற்றினார். சுற்றிக்கொண்டே வந்தவர் ஒரு முனையை அக்காவிடம் நீட்டினார்.

"இதைச் சித்தே புடிங்க. நான் ஊசி குத்தோணும்."

அக்கா பிடித்தாள். காலையில் எத்தனையோ ஆயிரம் மொட்டுகளைத் தொட்ட விரல்கள். இருந்தாலும் சபை நடுவில், மகள் தலையில், பூவின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. ஊசி குத்தி முடிந்த பிறகும் யாரும் அவளை விடச் சொல்லவில்லை. அவளும் கொஞ்ச நேரம் விடவில்லை.

சாப்பாடு முடிந்து வேன் கிளம்பும்போது அத்தை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். தாய்மாமன் மேல் ஏதோ வழக்கு வருகிறது என்று நினைத்து, முகத்தில் அடக்கத்தைப் பூசிக்கொண்டு போனேன்.

"நீங்க வாங்கியாந்த பாட்டலாமே, எங்கீங்க கிடைக்கும்?" என்றார், வேனுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில். "எந்தங்கச்சி ஒருத்தி, அவளும் பூ வைக்காதவ, எங்கூட்டோட இருக்கறா. அவளுக்குங்க."

வேன் மண் ரோட்டில் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றேன். அவர் அக்காவின் கொண்டையை எட்டிப் பார்த்தபோது எதைப் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சாயங்காலம் அக்கா வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருந்தாள். மருமகளும் என் மனைவியும் உள்ளே பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மல்லிகைச் செடிகளில் மறுநாளைக்கான மொட்டுகள் இன்னும் பச்சையாக, ஊசிமுனையாக இருந்தன. பெட்டி மேலே என்னமோ எழுதியிருக்குதே, படி என்றாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கினேன். இந்த நறுமணம் யாருக்கென்றால், கூட்டத்தில் இருந்தும் தனியாகத் தெரிகிறவளுக்கு. மௌனத்தில் மர்மம் உள்ளவளுக்கு. பனி படர்ந்த புல்வெளியில் வெறுங்காலுடன் நடப்பவளுக்கு.

"வெறுங்காலோட நடந்தா நெருஞ்சி குத்தும்," என்றாள் அக்கா. அப்புறம் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டினாள். காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைப்பார்களே, அந்த மாதிரி. உனக்கு இன்னும் வாசம் தெரியறதில்லையா என்று கேட்டாள். கச்சேரித் தலையாட்டலுக்கு வாய்ப்பு இருந்தது. ஏனோ செய்யவில்லை. தெரியலக்கா என்றேன்.

"பரவால்ல. நான் சொல்றேன், கேளு."

சொன்னாள். மோட்டார் நின்றதும் தண்ணீர் மட்டும் ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் இருக்கும். வரப்பில் மாமா நடந்து வருவது இருட்டில் தெரியாது, செருப்பைக் கையில் பிடித்திருப்பார். ஆள் வருவதற்கு முன்னால் வாசம் வந்துவிடும். முதலில் ஒடித்த தண்டின் பச்சை, கொஞ்சம் கசப்பு. அப்புறம் ஈர மண். அப்புறம்தான் கொழுந்து. அதற்கும் பின்னால் பீடி வாசம், அதை மறைக்கத்தான் கொழுந்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வருவாராம்.

அவர் போன பிறகு அவள் அவரைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நாங்கள் இருவரும் மல்லிகைக்கு நடுவில், முன்பு மரிக்கொழுந்து இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பாத்திய மறுபடி போடலாம்னு இருக்கறேன்," என்றாள். "நாத்து எங்க கிடைக்கும்னு விசாரி."